தாளில் இறங்குவதும் இறங்காததும்

காவிரி டெல்டாவில் நிற்பவருக்கு நிலம் தட்டை என்பதில் ஐயமே எழாது. குன்று கிடையாது, மேடு கிடையாது. வயலும் வாய்க்காலும் தென்னையும் கண்ணுக்கெட்டிய வரை போய்க்கொண்டே இருக்கும். 1808-இல் அங்கே வந்து சேர்ந்த வில்லியம் லாம்டனுக்கு அந்தத் தட்டைதான் பெரும் தொல்லையாக இருந்தது. 1802 ஏப்ரலில் சென்னைப் பரங்கிமலைக்கு அருகே அடிக்கோடு ஒன்றை அளந்து, அதிலிருந்து முக்கோணம் முக்கோணமாகத் தென்னிந்தியாவை அளந்துகொண்டு வந்தவர் அவர். முக்கோணம் அமைய வேண்டுமானால் ஒரு முனையில் நிற்பவருக்கு மற்ற இரு முனைகளும் தெரிய வேண்டும். மேட்டு நிலங்களில் குன்றின் உச்சிகள் அதற்கு உதவின. தஞ்சைச் சமவெளியில் உச்சி என்று சொல்ல இருந்தவை கோயில்கள் மட்டுமே. ஏறக்குறைய அரை டன் எடையுள்ள தியோடலைட்டைக் கயிறு கட்டித் தஞ்சாவூர்க் கோயில் ஒன்றின் மேலே ஏற்றினார்கள். பாதியில் கயிறு அறுந்தது. கருவி சுவரில் மோதி, கோணம் அளக்கும் அதன் பெரிய வட்டத்தகடு கோணிப்போனது. லாம்டன் வாரக்கணக்கில் தாமே உட்கார்ந்து அதை முடுக்கியும் இழுத்தும் பழைய வட்டத்துக்குக் கொண்டுவந்தார்.

கண்ணுக்குத் தெரியாத அந்தக் கோணலுக்காக ஏன் இத்தனை பாடு? ஒரு பாகையை 3600 கூறாக்கினால் ஒரு கூறுக்கு விகலை என்று பெயர். லாம்டன் விகலைக் கணக்கில் கோணம் அளந்தவர். முக்கோணத்தின் மூன்று கோணங்களையும் கூட்டினால் 180 பாகை என்று பள்ளியில் படிக்கிறோம். பக்கத்துக்கு 30 கிலோமீட்டர் நீளமுள்ள ஒரு முக்கோணத்தை டெல்டாவில் அமைத்துப் பிழையில்லாமல் அளந்தால் கூட்டுத்தொகை 180 பாகையும் 2 விகலையும் வரும். முக்கோணத்தின் பரப்பு ஏறத்தாழ 200 சதுர கிலோமீட்டர் கூடும்போதெல்லாம் ஒரு விகலை மிகும். காரணம், அந்த முக்கோணம் தட்டையான நிலத்தில் இல்லை. உருண்டையின் மேல் விரிந்திருக்கிறது. அக்கால நில அளவையாளர்கள் இந்த மிகுதியை அறிந்து கணக்கில் சேர்த்துக்கொண்டார்கள்.

இந்த 2 விகலை எனக்கு மிகப் பெரிய செய்தியாகப் படுகிறது. பூமி உருண்டை என்பது லாம்டனுக்கு முன்பே தெரிந்ததுதான். தெரியாமலிருந்திருந்தாலும் அந்த வயல்வெளியை விட்டு எங்கும் போகாமலேயே, வானத்தையோ கடலில் மறையும் கப்பலையோ பார்க்காமலேயே, கோணங்களைக் கூட்டியே அவர் அதைக் கண்டுபிடித்திருக்க முடியும். தட்டையா இல்லையா என்ற கேள்விக்கு விடை சொல்ல வெளியே போய் நின்று பார்க்க வேண்டியதில்லை. உள்ளே இருந்தே அளந்து சொல்லிவிடலாம்.

இதைக் கணிதமாக நிறுவியவரும் ஒரு நில அளவையாளர்தான். கார்ல் பிரீட்ரிக் கௌஸ் 1820-களில் ஹனோவர் நாட்டை அளக்கும் பொறுப்பை ஏற்று, கோடைக்காலங்களைக் குன்றுகளின் உச்சியில் கழித்தார். ஹோஹென்ஹாகன், புரோக்கன், இன்செல்ஸ்பெர்க் என்ற மூன்று மலைகளுக்கு இடையே அவர் அமைத்த முக்கோணத்தின் நீண்ட பக்கம் 107 கிலோமீட்டர். அங்கே மிகுதி 15 விகலையை நெருங்குகிறது. வளைந்த பரப்புகளைப் பற்றி 1827-இல் அவர் எழுதிய ஆய்வுரையில் ஒரு முடிவுக்கு மட்டும் அவரே சிறப்பு அடைமொழி கொடுத்தார். இன்றும் அதைக் கௌஸின் மிகச்சிறந்த தேற்றம் என்றுதான் அழைக்கிறார்கள்.

கடலைப் பொட்டலத்தைக் கையில் எடுங்கள். செய்தித்தாளைக் கூம்பாகச் சுருட்டியிருக்கிறார்கள். கண்ணுக்கு அது வளைந்த பரப்பு. ஆனால் பிரித்து விரித்தால் பத்திகள் நேராக இருக்கின்றன, எழுத்து ஒன்றுகூட நீளவில்லை, சுருங்கவில்லை. சுருட்டியிருந்தபோதே அந்தத் தாளில் ஒரு முக்கோணம் வரைந்திருந்தால் அதன் கோணங்கள் 180 பாகைதான். கௌஸின் கணக்கில் பொட்டலம் தட்டையானது. குழாய் தட்டையானது. கூரைக்குப் போடும் நெளிதகரமும் தட்டையானதே. பந்து மட்டும் அப்படியில்லை. அதன்மேல் தாளைப் போர்த்தினால் எங்காவது கசங்கும், அல்லது கிழியும்.

தேற்றம் சொல்வது இதுதான். பரப்பில் ஒரு புள்ளியை எடுத்து, அது எந்தத் திசையில் மிக அதிகமாக வளைகிறது, எந்தத் திசையில் மிகக் குறைவாக வளைகிறது என்று பார்த்து, இரண்டு வளைவுகளையும் பெருக்குங்கள். குழாயில் ஒரு திசை வளைகிறது, நெடுக்குத் திசை நேராக இருக்கிறது. பெருக்கல் பலன் பூச்சியம். பந்தில் இரண்டும் ஒரே பக்கம் வளைகின்றன, பலன் மிகை. குதிரைச் சேணத்தில் ஒன்று மேலும் ஒன்று கீழுமாக வளைகின்றன, பலன் குறை. பரப்பை நீட்டாமலும் கிழிக்காமலும் எப்படி மடக்கினாலும் இந்தப் பெருக்கல் பலன் மாறாது. தாளின் ஓர் ஓரத்தைப் பிடித்தால் அது துவண்டு தொங்கும். நடுவில் சிறிது குழித்துப் பிடித்தால் விறைத்து நிற்கும். குறுக்கே ஒரு வளைவைக் கொடுத்துவிட்டோம், நெடுக்கிலும் வளைந்தால் பலன் பூச்சியமாக இருக்காது, அதற்குத் தாள் நீள வேண்டும், தாள் நீளாது. தகரத்தை நெளித்துக் கூரை போட்டவர்கள் தேற்றத்தைப் படிக்கவில்லை, ஆனால் அதன் பலனைக் கையால் அறிந்திருந்தார்கள்.

ஆகவே தட்டை என்பதற்குச் செயலளவில் ஒரு வரையறை கிடைக்கிறது: சேதமில்லாமல் தாளில் இறங்குவது தட்டை. இறங்காதது வளைந்தது. பூமி இறங்காது. 1569-இல் மெர்கேட்டர் வெளியிட்ட உலகப்படம் திசைக்கோணங்களைக் காப்பாற்றியது. அதனால் மாலுமிகள் அதைக் கொண்டாடினார்கள். அதற்கு விலையாகப் பரப்பளவைப் பறிகொடுத்தது. அதில் கிரீன்லாந்தும் ஆப்பிரிக்காவும் ஏறத்தாழ ஒரே அளவாகத் தெரியும். உண்மையில் ஆப்பிரிக்கா 14 மடங்கு பெரியது. பரப்பளவைக் காப்பாற்றும் படங்களும் உண்டு. அவற்றில் நாடுகளின் உருவம் இழுபட்டுப்போகும். எல்லாவற்றையும் காப்பாற்றும் படம் இல்லை, இனியும் வராது. அதைத் தடுப்பது கௌஸின் தேற்றம். வகுப்பறைச் சுவரில் தொங்கும் உலகப்படத்தில் எது காப்பாற்றப்பட்டிருக்கிறது, எது கைவிடப்பட்டிருக்கிறது என்று பிள்ளைகளுக்குச் சொல்லித்தர வேண்டும் என்பது என் ஆசை.

இதே வரையறையைக் கையில் வைத்துக்கொண்டு ஓவியத்துக்குள் நுழைந்தால் சில பழைய தீர்ப்புகள் தலைகீழாகின்றன.

ரோம் நகரில் புனித இக்னேசியஸ் தேவாலயத்துக்குக் குவிமாடம் கட்டப்படவில்லை. அந்தக் குறையைத் தீர்க்க இயேசு சபையைச் சேர்ந்த ஓவியர் ஆந்திரேயா போட்சோ 1685-இல் 17 மீட்டர் அகலமுள்ள திரைச்சீலையில் ஒரு குவிமாடத்தை வரைந்து கூரையில் பொருத்தினார். சீலை தட்டை. தரையில் பதித்திருக்கும் பளிங்கு வட்டின் மேல் நின்று அண்ணாந்து பார்த்தால் தூண்களும் வளைவுகளும் உச்சிச் சாளரமும் மேலே மேலே எழுகின்றன. வட்டைவிட்டு விலகி நடந்தால் குவிமாடம் ஒரு பக்கமாகச் சாய்கிறது. இன்னும் நடந்தால் சரிகிறது. அந்த ஆழம் ஓவியத்தில் இல்லை. பார்ப்பவரின் கால் நிற்கும் இடத்தில் இருக்கிறது.

தட்டையில் ஆழத்தைக் காட்டும் இந்தக் கலை பிறந்தபோதே அப்படித்தான். 15-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் புளோரன்ஸ் நகரில் புருனெல்லெஸ்கி ஒரு பலகையில் ஞானஸ்நான மண்டபத்தை வரைந்து, பலகையில் ஒரு துளை போட்டார். பின்பக்கத்திலிருந்து துளை வழியே பார்க்க வேண்டும். எதிரே பிடித்த கண்ணாடியில் ஓவியம் தெரியும். கண் இம்மியும் நகரக்கூடாது. 1435-இல் ஆல்பெர்ட்டி இதன் விதிகளை நூலாக எழுதினார். அதன்பின் நானூறு ஆண்டுகளுக்கு மேல், தூரத்தில் இருப்பது சிறுத்துத் தெரியும் ஓவியமே முறையானது, மற்றவை தட்டையானவை, வளர்ச்சி பெறாதவை என்ற எண்ணம் ஐரோப்பாவில் நிலைத்தது. அந்த அளவுகோலோடு ஆசியாவுக்கு வந்தவர்கள் இங்குள்ள ஓவியங்களையும் அதனாலேயே அளந்தார்கள்.

ஹெராத் நகரின் பிஹ்ஸாத் 1488-இல் பாரசீகக் கவிஞர் சாதியின் 'பூஸ்தான்' சுவடிக்கு வரைந்த ஓவியம் ஒன்று கெய்ரோவில் இருக்கிறது. சுலைகா யூசுபை அரண்மனையின் உள்ளறைக்கு வரவழைத்துக் கதவுகளை ஒவ்வொன்றாக அடைக்கச் செய்துவிட்டாள். அவர் அவளிடமிருந்து தப்பி ஓடுகிறார். பிஹ்ஸாத் அந்த அரண்மனை முழுவதையும் ஒரே பக்கத்தில் வைக்கிறார். கதவு, படிக்கட்டு, அடுத்த கதவு, மாடம், மறுபடியும் கதவு. சுவர்கள் நேர் எதிரிலிருந்து பார்த்ததுபோல் இருக்கின்றன. தரைவிரிப்புகள் மேலிருந்து பார்த்ததுபோல். தூரத்துச் சுவரின் ஓட்டுக்கோலமும் பக்கத்துச் சுவரின் கோலமும் தத்தம் அளவில் முழுமையாக இருக்கின்றன, எதுவும் சிறுக்கவில்லை.

இது ஆழம் வரையத் தெரியாதவரின் வேலை என்று சொல்பவர்கள் அட்டைப்பெட்டி ஒன்றைப் பிரித்துப் பார்க்கலாம். பெட்டியின் ஒவ்வொரு முகமும் தட்டை. மடிப்புகளைப் பிரித்தால் எல்லா முகங்களும் தம் அளவும் கோணமும் மாறாமல் தரையில் படுத்துக்கொள்ளும். பிஹ்ஸாத் அரண்மனையைப் பிரித்து விரித்திருக்கிறார். சுவரும் தரையும் தட்டை என்பதால் அவற்றைச் சேதமில்லாமல் தாளில் இறக்க முடிந்தது. அவர் கைவிட்டது ஒன்றே ஒன்று: வெளியே நிற்கும் அந்த ஒற்றைக் கண். அதனால் பார்ப்பவர் எங்கே நிற்பது என்று தேட வேண்டியதில்லை. படியேறி உள்ளே போய்விடுகிறார். ஒவ்வொரு கதவாகத் தாண்டி மேலே போகும்போதுதான் எல்லாமே மூடியிருப்பதும், யூசுப் எவ்வளவு உள்ளே சிக்கியிருக்கிறார் என்பதும் உறைக்கிறது. ஒரே பார்வையில் எல்லாவற்றையும் காட்டும் முறையால் இந்தப் பதற்றத்தைக் கொடுத்திருக்க முடியாது என்றே நினைக்கிறேன்.

(இந்த இரண்டு பார்வைகளும் மோதும் இடத்தைத்தான் ஓரான் பாமுக் 1998-இல் 'என் பெயர் சிவப்பு' நாவலாக எழுதினார். 1591-ஆம் ஆண்டு இஸ்தான்புல்லில் சுல்தானின் நுண்ணோவியர்கள் ஐரோப்பியப் பாணியில் வரையலாமா என்பதில் கொலை வரைக்கும் போகிறார்கள்.)

பின்னர் ஐரோப்பாவே தட்டைக்குத் திரும்பியது. மத்தீஸ் 1911-இல் தம் ஓவியக்கூடத்தை வரைந்தபோது சுவர், தரை, மேசை எல்லாவற்றின் மேலும் ஒரே சிவப்பைப் பரப்பினார். தட்டுமுட்டுச் சாமான்கள் வெறும் கோடுகளாக மிஞ்சின. 1960-இல் அமெரிக்க விமர்சகர் கிளெமென்ட் கிரீன்பெர்க் தட்டைத்தன்மையே ஓவியத்துக்கு மட்டும் உரிய தனிக்குணம் என்று வாதிட்டார். அந்த வாதத்தை என்னால் ஏற்க முடியவில்லை. நிலப்படமும் தட்டைதான், அச்சிட்ட பக்கமும் தட்டைதான். தட்டையில் எதை, என்ன விலை கொடுத்து இறக்குகிறோம் என்பதில்தான் கலை இருக்கிறது.

இனிக் கதை. 1927-இல் கேம்பிரிட்ஜில் நாவலைப் பற்றி உரையாற்றிய இ. எம். ஃபாஸ்டர் கதைமாந்தரைத் தட்டையானவர், உருண்டையானவர் என்று இரண்டாகப் பிரித்தார். ஒரே வாக்கியத்தில் அடக்கிவிடக்கூடியவர் தட்டை. நம்பும்படியாக நம்மை வியக்கவைக்க முடிந்தவர் உருண்டை. டிக்கன்ஸின் மிக்காபர் அம்மாள் கணவரை ஒருபோதும் கைவிடமாட்டேன் என்று சொல்லிக்கொண்டே இருக்கிறாள், அவள் அவ்வளவுதான். ஃபாஸ்டர் தட்டை மாந்தரை இகழவில்லை. எப்போது வந்தாலும் அடையாளம் தெரியும், புத்தகத்தை மூடிய பிறகும் மறக்காது என்று அவர்களுக்காகப் பரிந்து பேசினார். பின்னால் வந்த விமர்சகர்கள் அந்தப் பரிவை விட்டுவிட்டுப் பிரிவை மட்டும் எடுத்துக்கொண்டார்கள். தமிழிலும் ஒரு நாவலைத் தள்ளுவதற்குப் 'பாத்திரங்கள் தட்டை' என்ற ஒரு வரி போதும் என்றாகிவிட்டது.

ஃபாஸ்டர் கௌஸைப் படித்துவிட்டு எழுதவில்லை. ஆனாலும் இருவர் சொல்வதும் ஒரே இடத்தில் வந்து சேர்வதைப் பார்க்கிறேன். ஒரு வாக்கியம் என்பது ஒரு தாள். மிக்காபர் அம்மாள் அதில் சேதமில்லாமல் இறங்குகிறாள். தி. ஜானகிராமனின் 'அம்மா வந்தாள்' நாவலில் வரும் அலங்காரத்தம்மாள் இறங்கமாட்டாள். கணவர் இருக்க இன்னொருவரோடு உறவு கொண்டவள் என்று சொல்லிப் பாருங்கள்; சொன்னது உண்மை, ஆனால் மகன் அப்புவை வேதம் படிக்க அனுப்பி அவன் மூலம் தன்னைக் கழுவிக்கொள்ள நினைத்த தவிப்பு வெளியே நின்றுவிட்டது. அந்தத் தவிப்பை வாக்கியமாக்கினால் குற்றவுணர்ச்சியில் ஒடுங்கிய ஒரு பெண் கிடைக்கிறாள். நிமிர்ந்து நடமாடும் அந்த அம்மாளின் கம்பீரம் காணாமல் போகிறது. கம்பீரத்தைப் பிடித்தால் கடைசியில் காசிக்குப் போகும் முடிவு புரியாமல் போகிறது. ஒவ்வொரு சுருக்கமும் மெர்கேட்டர் படத்தைப் போல ஒன்றைக் காத்து இன்னொன்றைப் பறிகொடுக்கிறது. அதற்குச் சுருக்கியவரைக் குறை சொல்ல முடியாது. அவளை அறிய வேண்டுமானால் நாவலின் பக்கங்களுக்குள் நடந்துதான் தீர வேண்டும்.

தட்டையையே உலகமாக்கி ஒருவர் கதை எழுதினார். லண்டனில் பள்ளித் தலைமையாசிரியராக இருந்த எட்வின் அபட் 1884-இல் வெளியிட்ட 'ஃபிளாட்லேண்ட்' ஒரு சதுரம் சொல்லும் கதை. அந்த நாட்டில் நீளமும் அகலமும் உண்டு, உயரம் கிடையாது. பக்கங்கள் கூடக்கூட மதிப்பு கூடும்: படைவீரர்களும் தொழிலாளர்களும் கூர்முக்கோணங்கள், கனவான்கள் சதுரங்கள், குருமார்கள் வட்டங்கள். பெண்கள் வெறும் கோடுகள். நேர் எதிரில் வந்தால் புள்ளியாகத் தெரிவார்கள், குத்திவிடும் ஆபத்து உண்டு என்பதால் நடக்கும்போது குரல் கொடுத்துக்கொண்டே போக வேண்டும் என்பது சட்டம். விக்டோரிய இங்கிலாந்தின் வர்க்கத் திமிரை அபட் இப்படி வரைபடமாக்கினார். அங்கே எல்லோரும் ஒருவருக்கொருவர் கோடாகத்தான் தெரிவார்கள். மூடுபனி இருப்பதால்தான் உருவம் பிடிபடுகிறது. கோட்டின் முனைகள் பனியில் சட்டென்று மங்கினால் கூர்முனை, மெல்ல மங்கினால் விரிகோணம். எனக்கு அந்த நூலில் மிகப் பிடித்த இடம் இந்த மூடுபனிதான். தட்டையான உலகத்தில் வாழ்பவர்களுக்கும் ஆழத்தைக் கண்டறிய ஒரு வழி வேண்டியிருக்கிறது என்பதை அபட் நுட்பமாக யோசித்திருக்கிறார்.

ஒருநாள் கோளம் ஒன்று அந்த நாட்டை ஊடுருவுகிறது. சதுரத்துக்கு அது புள்ளியாகத் தோன்றி, வளர்ந்து, சுருங்கி மறையும் வட்டமாகத்தான் தெரிகிறது. பிறகு கோளம் சதுரத்தை வெளியே தூக்கிக்கொண்டு போய் உயரம் என்றால் என்ன என்று காட்டுகிறது. அப்படியானால் நான்காம் பரிமாணமும் இருக்குமே என்று சதுரம் கேட்டவுடன் கோளத்துக்குக் கோபம் வந்துவிடுகிறது. ஊர் திரும்பிக் கண்டதைச் சொன்ன சதுரம் சிறையில் அடைக்கப்படுகிறது.

ஆனால் அபட் விட்டுவிட்ட ஒன்றை டச்சு எழுத்தாளர் டியோனிஸ் பர்ஹர் 1957-இல் பிடித்துக்கொண்டார். அவருடைய 'கோளநாடு' அபட்டின் கதையைப் பேரன் காலத்துக்கு நகர்த்துகிறது. அங்கே நில அளவை செய்யும் ஒருவர் பெரிய முக்கோணங்களை அளந்து, கோணங்களின் கூட்டுத்தொகை 180 பாகைக்கு மேல் வருகிறது என்கிறார். கவனமில்லாதவர் என்று வேலையிலிருந்து நீக்கிவிடுகிறார்கள். அவர் அளந்தது சரி. நாடு தட்டையாக இல்லை, மாபெரும் கோளத்தின் பரப்பாக இருக்கிறது. வெளியே தூக்கிப் போக யாரும் வராமலே, அளவுக்கருவியை மட்டும் நம்பி அவர் அதைக் கண்டார்.

நாமும் அந்த நாட்டுக்காரர்கள்தான். 1854-இல் கோட்டிங்கனில், முதிய கௌஸ் முன்னால் அமர்ந்து கேட்க, ரீமான் என்ற இளைஞர் ஆற்றிய உரை, பரப்புக்குச் சொன்னதை வெளிக்கும் விரித்தது. நாம் வாழும் முப்பரிமாண வெளியே வளைந்திருக்கலாம். வளைந்திருந்தால் உள்ளிருந்தே அளந்து சொல்லலாம். 1915-இல் ஐன்ஸ்டைன் பொருளும் ஆற்றலும் அந்த வளைவை உண்டாக்குகின்றன என்று காட்டினார். அதன்பின் மீதியிருந்தது லாம்டன் செய்த வேலை: போதிய அளவு பெரிய முக்கோணம் ஒன்றை அமைத்து அளப்பது.

அந்த முக்கோணம் கிடைத்தது. பெருவெடிப்புக்குச் சுமார் 3,80,000 ஆண்டுகளுக்குப் பின் புறப்பட்ட ஒளி இன்றும் எல்லாத் திசைகளிலிருந்தும் நுண்ணலையாக வந்துகொண்டிருக்கிறது. அதில் வெப்பம் இம்மியளவு கூடியும் குறைந்தும் திட்டுகள் தெரிகின்றன. அந்தத் திட்டுகளின் உண்மையான அகலத்தை இயற்பியல் கணக்கிட்டுத் தருகிறது. அன்றைய கொதிக்கும் பிளாஸ்மாவில் ஒலியலை அந்தக் காலத்துக்குள் எவ்வளவு தூரம் போயிருக்கும் என்பதே கணக்கு. ஒளி கடந்து வந்த தூரமும் தெரியும். அகலம் அடிப்பக்கம், தூரம் மற்ற இரு பக்கங்கள். வெளி கோளத்தைப் போல வளைந்திருந்தால் திட்டுகள் பெரிதாகத் தெரிய வேண்டும். சேணத்தைப் போல வளைந்திருந்தால் சிறிதாகத் தெரிய வேண்டும். தட்டையாக இருந்தால் ஏறத்தாழ 1 பாகை. அண்டார்க்டிகாவின் வானில் பலூனில் பறந்த பூமராங் ஆய்வு 2000-இல் முடிவை வெளியிட்டது: 1 பாகை. பின்னால் வந்த செயற்கைக்கோள்களும் பிற அளவீடுகளும் சேர்ந்து அரை விழுக்காட்டுக்கும் குறைவான பிழையில் அதையே உறுதி செய்தன.

வெளி தட்டை என்றதும் அது எல்லையில்லாமல் நீண்டுகொண்டே போகும் என்று தோன்றும். அது கட்டாயமில்லை. பழைய நோக்கியா போனில் விளையாடிய பாம்பை நினைத்துப் பாருங்கள். சுவரில்லாத ஆட்டத்தில் அது வலது ஓரத்தில் மறைந்து இடது ஓரத்தில் வரும். மேலே போனால் கீழிருந்து வரும். அந்தத் திரையில் எங்கே முக்கோணம் வரைந்தாலும் 180 பாகைதான், வளைவு பூச்சியம். ஆனால் பரப்பு முடிவுள்ளது, ஓரமோ கிடையாது. இதற்குத் தட்டை வளையம் என்று பெயர். மூன்று பரிமாணத்திலும் அப்படியொரு வெளி இருக்கலாம். அதில் ஒரு திசையில் போதிய தூரம் நேராகப் போனால் புறப்பட்ட இடத்துக்கே வந்து சேர்வோம்.

நம் வெளி அப்படிப்பட்டதா என்பதற்கும் உள்ளிருந்தே ஒரு சோதனை உண்டு. வெளி போதிய அளவு சிறிய வளையமாக இருந்தால், பழைய ஒளியில் வானத்தின் ஒரு பக்கத்தில் தெரியும் ஒரு வட்டத்தின் நெடுகிலும் உள்ள திட்டுகள், வேறொரு பக்கத்தில் இருக்கும் இன்னொரு வட்டத்தில் அப்படியே மறுபடி தெரிய வேண்டும். இரண்டு திசைகளில் பார்த்தாலும் நாம் பார்ப்பது ஒரே இடத்தை. செயற்கைக்கோள் தரவுகளில் அப்படிப் பொருந்தும் வட்டங்களை ஆய்வாளர்கள் தேடினார்கள். இதுவரை கிடைக்கவில்லை. வளையம் இல்லை என்று அதனால் சொல்லிவிட முடியாது. இருந்தால் அது நாம் பார்க்கக்கூடிய பகுதியைவிடப் பெரியது என்று மட்டும் சொல்லலாம்.